என் கூலியைக் கீழே வை

பினாங்கின் லோரோங் குலிட் பழஞ்சாமான் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தார்ப்பாயின் மேல் குவிந்து கிடந்த துருப்பிடித்த ஸ்பேனர்களுக்கும் மூடியில்லாத டிபன் கேரியர்களுக்கும் நடுவில், அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘வீ ஷால் ஓவர்கம்: தி சீகர் செஷன்ஸ்’ இசைத்தட்டு என் கண்ணில் பட்டது. கடைக்காரர் பத்து வெள்ளி கேட்டார். அட்டை ஈரத்தில் உப்பியிருந்ததைக் காட்டி ஐந்துக்கு வாங்கினேன். 2006 ஏப்ரலில் அது வெளிவந்தபோது நான் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளி நாள்களிலிருந்து ஸ்பிரிங்ஸ்டீன் என்றால் எனக்கு மின்கிதாரும் அரங்கம் அதிரும் டிரம்மும்தான். 1984இல் வந்த ‘பார்ன் இன் தி யூ.எஸ்.ஏ.’ கேசட்டை நாடா நைந்துபோகும்வரை கேட்டவன் நான். அப்படிப்பட்டவர் பாஞ்சோவையும் வயலினையும் சேர்த்துக்கொண்டு நாட்டுப்புறப் பாட்டுப் பாடப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டதும், வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று ஒதுக்கிவிட்டேன். அப்போது அவருக்கு 56 வயது. இப்போது எனக்கும் ஏறத்தாழ அதே வயது என்பதால் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வீட்டில் இசைத்தட்டுப் போடும் கருவி பழுதாகிப் பல காலம் ஆகிறது. பழைய புரோட்டோன் காரில் மட்டும்தான் அந்த வசதி மிச்சமிருக்கிறது. அன்று பட்டர்வொர்த்தில் இருக்கும் மாமாவைப் பார்க்கப் போக வேண்டியிருந்ததால், பினாங்குப் பாலத்தில் ஏறும்போது தட்டை உள்ளே தள்ளினேன். முதல் பாட்டிலேயே ஒரு கூட்டம் காருக்குள் ஏறிக்கொண்டது போல் இருந்தது. பாஞ்சோ, இரண்டு மூன்று வயலின், அக்கார்டியன், டிராம்போன், டூபா என்று எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து புரள, நடுவில் தொண்டை கட்டிய குரலில் ஸ்பிரிங்ஸ்டீன், அடுத்து யார் தனியாக வாசிக்க வேண்டுமோ அவர் பெயரைக் கூவி அழைக்கிறார். ராக் இசையை விட்டுவிட்டு வந்தவரின் பாட்டாக அது இல்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு ஏறும் வழியில் உறுமி மேளக் குழு ஒன்று நம் முதுகுக்குப் பின்னால் வந்து சேர்ந்துவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. விலகவும் முடியாது, நிற்கவும் முடியாது. அந்தத் தாளத்துக்கு நடந்தே ஆக வேண்டும்.

இந்தத் தொகுப்பு உருவான விதம் அதன் ஓசையிலேயே தெரிகிறது. 1998இல் பீட் சீகருக்குப் புகழ்மாலையாக வெளிவந்த ஒரு தொகுப்புக்குப் பாட்டுத் தருவதற்காக, 1997இல் நியூ ஜெர்சியில் உள்ள தம் பண்ணை வீட்டுக்கு நியூயார்க்கிலிருந்து சில இசைஞர்களை வரவழைத்து, ஒரே நாளில் பல பாட்டுகளைப் பதிவு செய்தார் ஸ்பிரிங்ஸ்டீன். அதன் பிறகு 2005இல் ஒரு நாள், 2006இல் ஒரு நாள். மொத்தம் மூன்று நாள் வேலையில் கிடைத்தவற்றிலிருந்து 13 பாட்டுகள். முன்கூட்டி ஒத்திகை கிடையாது. எல்லோரும் வரவேற்பறையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஊதுகருவிக்காரர்களுக்கு இடம் போதாமல் அவர்களை நடைக்கூடத்தில் நிற்க வைத்தார்கள். ஒரு பாட்டைச் செதுக்கிச் செதுக்கி ஆண்டுக்கணக்கில் ஸ்டூடியோவில் கிடப்பதில் பெயர்போனவர் அவர். அதே ஆள், வாசிப்பவர்களுக்கே அடுத்த வரி எங்கே போகும் என்று தெரியாத நிலையில் பதிவுக் கருவியை ஓடவிட்டிருக்கிறார். தவறுகள் அங்கங்கே இருக்கின்றன. அவற்றை அவர் துடைக்கவில்லை.

பெயரில் இருக்கும் சீகரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1919இல் பிறந்து 2014இல் மறைந்த பீட் சீகர், அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டைத் தொழிற்சங்கக் கூட்டத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கோடை முகாமுக்கும் தோளில் சுமந்து திரிந்தவர். 1955இல் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு, அவர் யார் யாருக்காகப் பாடினார் என்று கேட்டபோது பதில் சொல்ல மறுத்தார். 1961இல் அதற்காக ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மேல்முறையீட்டில் அது தள்ளுபடியானது. இருந்தாலும், பல ஆண்டுகள் பெரிய தொலைக்காட்சி நிலையங்கள் அவரை வாசலில் சேர்க்கவில்லை. தொகுப்பில் உள்ள பாட்டுகளில் அவரே முழுவதும் எழுதியது ஒன்றும் இல்லை; எல்லாம் அவர் பாடிப் பாடிப் பரப்பியவை. தம் பாட்டைப் பிறர் பாடுவதைவிட, பிறர் பாட்டைத் தம் வழியாக இன்னொருவர் பாடுவதையே அவர் விரும்பியிருப்பார் என்று நினைக்கிறேன்.

மாமா வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது ‘பே மீ மை மணி டவுன்’ ஓடிக்கொண்டிருந்தது. மாமாவுக்கு 82 வயது. அறுபதுகளில் பினாங்குத் துறைமுகத்தில் சரக்கு இறக்கிய கூட்டத்தில் ஒருவர். நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து தொங்கான் என்னும் சரக்குப் படகுக்கும், தொங்கானிலிருந்து கரைக்கும், கரையிலிருந்து கிட்டங்கிக்கும் மூட்டை மாற்றியவர். அவருடைய வலது உள்ளங்கையில் கைக்கொக்கியின் பிடி உரசிக் காய்த்த தழும்பு இன்னும் இருக்கிறது. அவருக்கு ஆங்கிலம் நான்கைந்து சொல்லுக்கு மேல் தெரியாது. கார்க் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தவர், டாஷ்போர்டில் விரலால் தட்டத் தொடங்கினார். பாட்டு முடிந்ததும், “என்னப்பா சொல்றான் இவன்?” என்று கேட்டார்.

நான் சொன்னேன். ஜார்ஜியா மாநிலக் கரையோரத் தீவுகளில் கப்பலுக்கு மரம் ஏற்றிய கறுப்பினத் தொழிலாளிகளின் பாட்டு இது; லிடியா பாரிஷ் என்னும் அம்மையார் கேட்டுச் சேகரித்து 1942இல் அச்சிட்ட நூலில் இருக்கிறது. நாளைக்குக் கப்பல் புறப்படுகிறது என்று தலைவன் சொல்வது காதில் விழுகிறது. என் கூலியைக் கீழே வை, இல்லாவிட்டால் சிறைக்குப் போ என்று கூலிக்காரர்கள் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். அவ்வளவுதான் பாட்டு.

மாமா சிரித்தார். “அது சரிதானே? கப்பல் கெளம்பிட்டா காசு போச்சு. அப்புறம் யாரைப் பிடிப்பே?” என்றார்.

இருபது ஆண்டுகளாக இந்தப் பாட்டைப் பற்றிப் பலர் எழுதியதைப் படித்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தை நான் கவனிக்கவே இல்லை. நாளைக்குப் புறப்படும் கப்பல் என்பதை ஏதோ பயணத்தின் சோகம் என்று நினைத்திருந்தேன். அது கெடு. இன்று மாலைக்குள் காசு கைக்கு வர வேண்டும், நாளைக்குக் கேட்க ஆளிருக்காது என்பதுதான் பாட்டின் அவசரம். அந்த அவசரம் தெரிந்தால்தான், ஸ்பிரிங்ஸ்டீன் அதை ஏன் மூச்சுவிடாமல், ஒரு கல்யாண வீட்டுக் கூத்துப் போல, மேலும் மேலும் வேகம் ஏற்றிப் பாடுகிறார் என்பதும் விளங்குகிறது. இரண்டே இரண்டு கிதார் கார்டுகளில் (chord) சுற்றி வரும் மெட்டு. ஒரு குழந்தையும் வாசித்துவிடும். ஆனால் ஒருவர் கேட்க, பத்துப் பேர் பதில் சொல்லும் அமைப்பு அதில் இருக்கிறது. தனியாக ஒருவர் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பாடினால் அந்தப் பதில் சொல்லும் கூட்டம் காணாமல் போய்விடும். கூலி கேட்பது யாசகம் கேட்பதாகிவிடும். பதின்மூன்று பேரைக் கூடத்தில் திணித்துக் கத்தவிட்டது வெறும் ஆரவாரத்துக்காக அல்ல என்று அன்றுதான் எனக்குப் பட்டது.

மாமா அதன் பிறகு தாமாகவே பாடினார். மூட்டையைக் கயிற்றில் இழுக்கும்போது முன்னால் நிற்பவன் ஒரு வரி போட வேண்டும், மற்றவர்கள் ‘ஐலசா’ என்று சேர்ந்து இழுக்க வேண்டும். வரி என்ன வேண்டுமானாலும் இருக்கலாம், கூலியாள்களை மேய்க்கும் தண்டல் பக்கத்தில் இல்லாவிட்டால் தண்டலைப் பற்றியே இருக்கும். “தண்டலு வீட்டுல கல்யாணம், ஐலசா, தங்கத் தாலி யாரு காசு, ஐலசா” என்று இரண்டு வரி வந்தது. அடுத்த வரியைத் தொடங்கிவிட்டு, உள்ளே அத்தை இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கூலிப் பணத்தில் தேநீர்க் காசு என்று தண்டல் தினமும் கொஞ்சம் பிடித்துக்கொள்வாராம். அதை நேரில் கேட்டவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. பாட்டில் கேட்டவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அது இழுவைக்கான பாட்டுத்தானே.

தொகுப்பின் மற்றப் பாட்டுகளிலும் இப்படி வேலையின் எலும்பு தெரிகிறது. ‘ஈரி கெனால்’ என்பது 1825இல் திறக்கப்பட்ட, ஆல்பனியிலிருந்து பஃபலோவரை 363 மைல் நீண்ட கால்வாயில் படகு இழுத்த கோவேறு கழுதையைப் பற்றியது. பாலம் தாழ்வாக வருகிறது, எல்லோரும் தலையைக் குனியுங்கள் என்ற எச்சரிக்கைதான் அதன் பல்லவி. பழம்பாட்டு என்று எல்லோரும் நினைக்கும் அதை 1905இல் தாமஸ் ஆலன் என்பவர் எழுதினார். கழுதைகளின் காலம் முடிந்து இயந்திரங்கள் வரத் தொடங்கிய நேரம் அது. ‘ஜான் ஹென்றி’, நீராவித் துளைப்பானோடு சம்மட்டியால் போட்டி போட்டு வென்று, வென்ற இடத்திலேயே செத்து விழுந்த கறுப்பினத் தொழிலாளியின் கதை. மேற்கு வர்ஜீனியாவின் பிக் பெண்ட் ரயில் சுரங்கத்தில் 1870களின் தொடக்கத்தில் நடந்தது என்று மரபு சொல்கிறது. ஸ்பிரிங்ஸ்டீன் இதை ஒப்பாரியாகப் பாடவில்லை. சம்மட்டி அடி விழுகிற இடத்தில் மொத்தக் குழுவும் விழுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘மிஸஸ் மெக்ராத்’. அயர்லாந்திலிருந்து வந்த பாட்டு. மகனைப் போருக்கு அனுப்பிய தாய், ஏழாண்டு கழித்து அவன் இரண்டு கால்களும் இல்லாமல் கப்பலிலிருந்து இறங்கக் காண்கிறாள். குடித்துவிட்டு விழுந்தாயா, குருடாகிவிட்டாயா என்று அவள் கேட்கும் கேள்விகள் நம் ஊர்த் தாய்மார் ஆத்திரமும் அழுகையும் கலந்து கேட்பவை போலவே இருக்கின்றன. பழைய பாட்டில், பிரான்ஸ் மன்னரும் அவருடைய கடற்படை முழுவதும் கிடைப்பதைவிட என் மகன் பழையபடி கிடைத்தால் போதும் என்று அவள் சொல்வாள். ஸ்பிரிங்ஸ்டீன் அங்கே ஒரே ஒரு சொல்லை மாற்றினார்: பிரான்ஸ் மன்னர் அமெரிக்க மன்னர் ஆனார். ஈராக்கில் போர் நடந்துகொண்டிருந்த 2006இல் அதற்கு மேல் அவர் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மரபுப் பாட்டைத் தொடுவதென்றால் இப்படித் தொட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், கத்ரீனா புயல் வெள்ளத்துக்குப் பிறகு நியூ ஆர்லீன்ஸில் நடந்த முதல் ஜாஸ் விழாவில், பிளைண்ட் ஆல்ஃபிரட் ரீட் 1929இல் பதிவு செய்த பஞ்சப் பாட்டு ஒன்றை எடுத்து, வீடிழந்தவர்களைப் பற்றிய புதிய வரிகளைச் சேர்த்துப் பாடினார். அங்கே ஒரு சொல் போதவில்லை, சரணங்களே தேவைப்பட்டன.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1965 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில், நாட்டுப்புறப் பாடகராக அறியப்பட்ட பாப் டிலன் மின்கிதாரோடு மேடையேறியபோது, கோடரி கிடைத்தால் மின்கம்பியை வெட்டிவிடுவேன் என்று கொதித்தவர் இதே சீகர்தான். மின்சாரத்தின் மேல் தமக்குக் கோபமில்லை, ஒலி சிதைந்து சொற்கள் காதில் விழவில்லை என்பதுதான் குறை என்று அவர் பிற்பாடு விளக்கினார். நாற்பது ஆண்டு கழித்து ஒரு ராக் பாடகர், சொல் ஒவ்வொன்றும் கேட்கும்படி, மின்கிதாரைப் பின்னுக்குத் தள்ளி, ஆனால் ராக் இசையின் மூர்க்கத்தை விடாமல், சீகரின் பாட்டுகளைப் பாடிக் காட்டினார். வழக்கு ஒருவழியாகச் சமரசமானது என்று வைத்துக்கொள்ளலாம்.

சமரசத்துக்கு வராதவர் இன்னொரு ராக் பாடகரான நீல் யங். 2012இல் தம் பழைய கூட்டாளிகளான கிரேஸி ஹார்ஸ் குழுவோடு ‘அமெரிக்கானா’ என்ற தொகுப்பை வெளியிட்டார். நாம் தொடக்கப் பள்ளி ஆங்கில வகுப்பில் கைதட்டிப் பாடிய ‘ஓ சூசானா’, ‘கிளமன்டைன்’ இரண்டும் அதில் இருக்கின்றன. ஆனால் கைதட்ட முடியாது. இரண்டு மின்கிதார்கள் கரகரவென்று உறும, ‘கிளமன்டைன்’ ஒரு சாவுப் பாட்டாக வருகிறது. யோசித்துப் பார்த்தால், அது எப்போதுமே சாவுப் பாட்டுத்தான். தங்கச் சுரங்கத் தொழிலாளியின் மகள், வாத்துகளை நீருக்கு ஓட்டிப் போகும்போது கால் இடறி விழுந்து மூழ்குகிறாள். நீந்தத் தெரியாததால் காப்பாற்ற முடியவில்லை என்று பாடுகிறவன் சொல்கிறான். ஏழு வயதில் அதை வாய்கொள்ளாச் சிரிப்போடு பாடிய நாங்கள் நாற்பது பேரும், ஆசிரியை உட்பட, ஒரு பெண் தண்ணீரில் மூழ்குவதைக் கொண்டாடிக்கொண்டிருந்தோம். அதே தொகுப்பில் ‘டாம் டூலா’ இருக்கிறது. லாரா ஃபாஸ்டர் என்னும் பெண்ணைக் கொன்றதாக 1868 மே 1 அன்று வட கரோலினாவின் ஸ்டேட்ஸ்வில்லில் தூக்கிலிடப்பட்டவனைப் பற்றியது. 1958இல் கிங்ஸ்டன் டிரையோ குழுவினர் அதை மழமழவென்று பாடி உலகப் புகழ் பெற்றார்கள். யங்கின் கையில் அந்த மழமழப்பு போய், தூக்குக் கயிறு மறுபடி தெரிகிறது.

தொகுப்பு முழுவதும் எனக்கு ஒப்புதல் என்று சொல்ல மாட்டேன். ‘காட் சேவ் தி குயீன்’ அங்கே என்ன செய்கிறது என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். கனடாவில் பிறந்து வளர்ந்த யங், பள்ளியில் பாடிய பாட்டு அது; பினாங்கில் 1957க்கு முன் ஆங்கிலப் பள்ளிக்குப் போன நம் வீட்டுப் பெரியவர்களும் நிமிர்ந்து நின்று பாடியதுதான், ஆகவே நாம் சிரிப்பதற்கில்லை. ஆனால் சில பாட்டுகளில் கிதார் முழக்கம் மெட்டை மூடிவிடுகிறது. சீகர் நியூபோர்ட்டில் சொன்ன குறை இங்கே அப்படியே பொருந்தும்.

இருவருமே தாண்டிச் சென்ற ஓர் இடமும் உண்டு. ஸ்பிரிங்ஸ்டீனின் தொகுப்பு ‘ஓல்ட் டான் டக்கர்’ என்ற பாட்டில் தொடங்குகிறது. யங்கின் தொகுப்பு, ஸ்டீஃபன் ஃபாஸ்டர் எழுதி 1848இல் அச்சான ‘ஓ சூசானா’வில் தொடங்குகிறது. இரண்டுமே வெள்ளையர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு கறுப்பினத்தாரைக் கேலி செய்து ஆடிய மேடைகளில் வளர்ந்தவை. ‘ஓ சூசானா’வின் பழைய அச்சில், நாக்கில் எடுக்கக் கூசும் ஒரு சரணம் இருக்கிறது. பிற்காலத்தில் அந்தச் சரணத்தை எல்லோரும் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். கூலித் தொழிலாளியின் கோபத்தைக் காப்பாற்றிய அதே வாய்வழி மரபுதான் இந்தக் கேலியையும் காப்பாற்றித் தந்திருக்கிறது. பழசு என்பதாலேயே ஒரு பாட்டு ஏழையின் பக்கம் நிற்கும் என்று நம்புவதற்கில்லை.

சரணங்களை விட்டுவிடுவது பற்றிப் பேசும்போது என் சொந்த வெட்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரி 1940இல் எழுதிய ‘திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்’ பாட்டில், தனியார் சொத்து என்று எழுதிய பலகையின் மறுபக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை என்று ஒரு சரணமும், நிவாரண அலுவலகத்தின் வாசலில் பசியோடு நிற்கும் மக்களைப் பற்றி ஒரு சரணமும் இருந்தன. பள்ளிப் புத்தகங்கள் அவற்றை விட்டுவிட்டு, நாட்டு வாழ்த்துப் போல மிச்சத்தை வைத்துக்கொண்டன. 2009 ஜனவரி 18 அன்று, ஒபாமா பதவியேற்புக்கு முந்தைய நிகழ்ச்சியில், லிங்கன் நினைவகத்தின் படியில் 89 வயது சீகரும் ஸ்பிரிங்ஸ்டீனும் சேர்ந்து நின்று, விடுபட்ட சரணங்களோடு அதைப் பாடினார்கள். அந்தக் காட்சியைப் பார்த்துக் கண்கலங்கியவன் நான். அதே நான், சில ஆண்டுகளுக்குப் பின், இங்கே ஒரு கலை நிகழ்ச்சியில் ரப்பர்த் தோட்டப் பாட்டு ஒன்றுக்குக் கிதார் வாசித்தேன். ஒட்டுப்பாலை நிறுக்கும் தராசையும், தராசின் மேல் விரலை வைக்கும் கங்காணியையும் ஏசுகிற சரணம் மேடைக்கு ஏற்றதல்ல, எடுத்துவிடுங்கள் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டேன். போதாக்குறைக்கு, பாட்டியின் தலைமுறை பட்ட பாட்டுக்கு மரியாதை செய்கிறேன் என்று வேகத்தைப் பாதியாகக் குறைத்து, கீபோர்டில் சோகமாக ஒரு முன்னிசையும் சேர்த்தேன்.

நிகழ்ச்சி முடிந்து கிதாரைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது, வெற்றிலை போட்ட ஒரு மூதாட்டி பக்கத்தில் வந்து நின்றார். தெற்கு செபராங் பிறையில் ஏதோ ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவராம். “நல்லாத்தான் வாசிச்சே, ஐயா. ஆனா இதப் பாடி நாங்க சிரிப்போம். பால் பிடிக்கிற மங்கு கழுவுறப்ப பாடுவோம். நீங்க என்னமோ எழவு வீடு மாதிரி பண்ணிட்டீங்க,” என்றார். குறை சொல்லும் தொனிகூட இல்லை. ஏன் இப்படி என்று புரியாமல் கேட்டது போல் இருந்தது. எனக்குப் பதில் வரவில்லை.

பாலத்தின் மேல் ஸ்பிரிங்ஸ்டீனைக் கேட்டபோது அந்த மூதாட்டியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஸ்பிரிங்ஸ்டீன் பாடும் பாட்டுகளின் சொந்தக்காரர்களும், நம்மைவிட எந்த விதத்திலும் குறைந்த துன்பப்பட்டவர்கள் அல்லர். அடிமைகளாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள், புழுதிப் புயலில் நிலத்தை இழந்தவர்கள், கால்வாயிலும் சுரங்கத்திலும் முதுகொடிந்தவர்கள். அவர்களுக்கு அவர் அனுதாபம் காட்டவில்லை. அவர்கள் சிரித்த இடத்தில் அவரும் சிரிக்கிறார். அவர்கள் பயந்த இடத்தில் யங் பயமுறுத்துகிறார். நான் செய்ததோ, சிரிப்பையும் பயத்தையும் எடுத்துவிட்டு, கேட்பவர் நாகரிகமாகத் தலையாட்டும்படி ஒரு சோகத்தை மட்டும் வைத்தது.

இப்படிப் பாட்டை எடுத்துக்கொள்பவர்களுக்குக் காசு விஷயத்தில் என்ன கடமை இருக்கிறது என்பது தனிக் கதை. இரண்டு எடுத்துக்காட்டு மட்டும் சொல்கிறேன். ‘தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’ பாட்டை, 1937இல் கென்டக்கியின் மிடில்ஸ்பரோ ஊரில் ஜார்ஜியா டர்னர் என்ற 16 வயதுப் பெண் பாட, நாட்டுப்புறப் பாட்டுச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தார். 1964இல் இங்கிலாந்தின் அனிமல்ஸ் குழு அதை மின்கிதாரிலும் ஆர்கனிலும் வாசித்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. இசைக்கோர்ப்பு என்ற இடத்தில் குழுவில் ஒருவர் பெயர் மட்டுமே அச்சானது. மறுபக்கம், ஸ்பிரிங்ஸ்டீனின் தொகுப்புக்குத் தலைப்புத் தந்த ‘வீ ஷால் ஓவர்கம்’. தேவாலயப் பாட்டாக இருந்து, 1940களில் தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் வேலைநிறுத்தம் செய்த புகையிலைத் தொழிலாளிகளின் வாய்க்கு வந்து, பிறகு கறுப்பினத்தாரின் குடிமை உரிமைப் போராட்டத்தின் பாட்டானது. அதற்குச் சீகர் உள்ளிட்ட நால்வர் உரிமை பதிந்தார்கள். வந்த உரிமத் தொகையைத் தெற்கு மாநிலக் கறுப்பின மக்களின் பணிகளுக்கான நிதிக்கே திருப்பிவிட்டார்கள். நீதிமன்ற வழக்குக்குப் பின் 2018இல் அந்தப் பாட்டு பொதுவுடைமையானது.

அன்று மாலை பினாங்குக்குத் திரும்பும் முன் மாமாவிடம், அந்த ஐலசாப் பாட்டை இன்னொரு முறை முழுதாகப் பாடுங்கள், கைப்பேசியில் பதிந்துகொள்கிறேன் என்றேன். முதலில் மறுத்தார். தனியாகப் பாடினால் வராது, இழுக்க ஆள் வேண்டும் என்றார். சரி என்று நான், அடுத்த வீட்டுப் பையன்கள் இருவர், சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு அத்தை என்று நான்கு பேர் சேர்ந்தோம். இழுப்பதற்கு ஒன்றும் இல்லாததால், வாசலில் கிடந்த துணி காயப்போடும் நைலான் கயிற்றின் ஒரு முனையை மாமா தூணில் கட்டி, மறுமுனையை எங்கள் கையில் கொடுத்தார். பதிவு நான்கு நிமிடம் ஓடுகிறது. மின்விசிறி இரைச்சல் தூக்கலாக இருக்கிறது, இடையில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது, இரண்டாவது ஐலசாவில் நான் தாளம் தப்பிவிட்டேன். காலையில் மாமா விழுங்கிய அந்தத் தண்டல் வரி மூன்றாவது நிமிடத்தில் வருகிறது. அதற்கு முதலில் சிரித்தது அத்தைதான்.